திபெத்திய மூக்கு சீனத்திலிருந்து வந்ததல்ல

'திபெத்தியமும் பர்மியமும் சீன மொழியிலிருந்து பிறந்தவை. கண், மூக்குக்குக்கூட அங்கிருந்துதான் பெயர் வந்தது' என்றொரு பதிவு சுற்றுகிறது. தவறு. மூன்றும் சீன-திபெத்தியம் என்ற ஒரே மொழிக்குடும்பத்தின் கிளைகள். அவை பிரிந்து வந்த மூலமொழிக்கு எழுத்துச் சான்றே கிடையாது.

மூக்கை எடுத்துக்கொள்வோம். திபெத்திய எழுத்தில் 'ஸ்னா'. பர்மியத்தில் 'ஹ்னா', முன்பிருந்த 'ஸ்' தேய்ந்து விட்டுப்போன தடம்தான் அந்த மூச்சொலி. மாண்டரின் சீனத்திலோ 'பி'. இது எப்படி 'ஸ்னா' ஆகும்?

கண் உண்மையிலேயே பொதுச்சொல்தான்: திபெத்திய 'மிக்', பர்மிய எழுத்தில் 'ம்யக்', தென்சீனப் பேச்சுமொழியான காண்டனீஸில் 'முக்'. மாண்டரின் 'மு'தான் கடைசி 'க்'கை இழந்துவிட்டது.

உறுப்புப் பெயர்களை மொழிகள் எளிதில் கடன் வாங்குவதில்லை. அதனால்தான் 1987-இல் மொழியியலாளர் ஜேம்ஸ் மாடிசாஃப் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய, இந்தக் குடும்பத்துக்கான சொற்பிறப்பு அகராதித் திட்டம் முதலில் அவற்றை எடுத்தது. அப்புறம், இப்படிப்பட்ட அகராதிகளில், மூலமொழிக்கென மீட்டமைத்த சொல்வடிவங்களுக்கு முன்னால் நிற்கும் நட்சத்திரக் குறிக்கு (*), ஒப்பிட்டு ஊகித்தது என்று அர்த்தம், கல்வெட்டில் கண்டதல்ல.