கறுப்புத் திரை மேல் பழி போடாதீர்கள்

கமாண்ட் லைனில், அதாவது கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் (என்கிரிப்ட் செய்யும்) மென்பொருள்கள் பற்றிப் பேச்செடுத்தாலே, "பட்டன் வச்சு ஒரு ஆப் பண்ணிட்டா சரியாயிடும்" என்கிறார்கள். ஆகாது. 1999-இல் அல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில் 12 பேரிடம் மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபி 5.0 என்ற மென்பொருளைக் கொடுத்து 90 நிமிட நேரமும் கொடுத்தார்கள். பட்டன், ஐகான் எல்லாம் உள்ள மென்பொருள்தான் அது. பூட்டி அனுப்பவேண்டிய ரகசியச் செய்தியை மூன்று பேர் பூட்டாமலேயே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள்.

சிக்கல் திரையின் நிறத்தில் இல்லை, மென்பொருள் கேட்கிற கேள்வியில் இருக்கிறது.

பிஜிபி வழியில் வந்த, கமாண்ட் லைனில் ஓடும் ஜிபிஜி என்ற மென்பொருளையே பாருங்கள். நண்பரின் பொதுச் சாவியை (அவருக்காகப் பூட்ட யாரும் பயன்படுத்தலாம், திறக்க அவரிடமுள்ள ரகசியச் சாவி வேண்டும்) சேர்த்துவிட்டு ஒரு கோப்பைப் பூட்டப் போனால், இது அவருடைய சாவிதான் என்று உறுதியில்லை, என்ன செய்கிறோம் என்று உண்மையிலேயே தெரிந்தால் மட்டும் 'ஆம்' சொல்லுங்கள் என்கிறது. எச்சரிப்பது நியாயம்தான். கூடவே 40 எழுத்தில் சாவியின் 'கைரேகை'யையும், அதாவது அந்தச் சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டையும் காட்டுகிறது. "நண்பருக்குப் போன் போட்டு இதைப் படித்து ஒப்பிடுங்கள்" என்ற ஒரு வரியைக் காணோம்!

சரி, இந்த எச்சரிக்கையை எப்படி நிறுத்துவது என்று தேடிப் போகிறவர் ஒவ்வொரு சாவியின் சொந்தக்காரரையும் எவ்வளவு நம்புகிறோம் என்று குறிக்கும் நம்பிக்கைப் பட்டியலில் போய் நிற்பார். பாஸ்போர்ட் பார்த்தோ கைரேகை பார்த்தோ பிறருடைய சாவியைச் சரிபார்ப்பதில் இவரை எவ்வளவு நம்புகிறீர்கள், 1 முதல் 5 வரை சொல்லுங்கள் என்று கேட்கும். நமக்கு வேண்டியது நண்பரின் சாவி அசலா என்பது. அது கேட்பதோ நண்பர் மற்றவர்களைச் சோதிப்பதில் கெட்டிக்காரரா என்பது. அவசரத்தில் 5 போட்டால் போச்சு. அது நம் சொந்தச் சாவிக்கு உரிய இடம். அப்புறம் அந்த நண்பர் 'இது அசல்' என்று டிஜிட்டலாகக் கையெழுத்திட்ட சாவிகளையெல்லாம் ஜிபிஜி அசல் என்றே எடுத்துக்கொள்ளும்.

பிலிப்போ வல்சோர்டா என்ற நிரலாளர் எழுதிய, கோப்புகளைப் பூட்டும் 'ஏஜ்' கருவியும் கமாண்ட் லைன்தான். டெர்மினல் எனும் அந்தக் கறுப்புத் திரைப் பக்கமே வராத என் நண்பர் ஒருவருக்கு அதைக் காட்டினேன். கடவுச்சொல் கேட்ட இடத்தில் எதுவும் தட்டாமல் என்ட்டர் அடித்தார். அதுவே பல சொற்களைக் கோத்து ஒரு கடவுச்சொல்லை உருவாக்கிக் கொடுத்தது. தாளில் எழுதிக்கொண்டார், வேலை முடிந்தது. கையெழுத்திடும் வசதி ஏஜில் கிடையாது, அதனால் ஜிபிஜி செய்யும் எல்லாவற்றுக்கும் அது மாற்றாகாது. ஆனால் நாம் சும்மா இருந்தாலும் பாதுகாப்பான பக்கமே சாய்கிறது.

ஜிபிஜியிடம் நான் உடனே எதிர்பார்ப்பது இன்னொரு சின்ன விஷயம். நண்பருடைய சாவிக்கு மட்டும் பூட்டினால், பூட்டிய நம்மாலேயே அதைத் திறக்க முடியாது. அசல் கோப்பை அழித்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. பூட்டும்போதே "இதை உங்களாலும் திறக்க முடியாது, உங்கள் சாவியையும் சேர்க்கட்டுமா?" என்று கேட்டால் போதும்.