அன்பு புதுசா வந்த சட்டம் இல்லைங்க

"பழைய ஏற்பாடு முழுக்க வெறும் சட்டம், இயேசு வந்து அதைத் தூக்கிட்டு அன்பு மட்டும் போதும்னு சொல்லிட்டாரு"ன்னு மேல ஒரு அண்ணன் போட்டிருக்காரு, அது தப்பு அண்ணா.

பிறனை நேசிங்கிற வசனமே பைபிளோட முதல் பாகமான அந்தப் பழைய ஏற்பாட்டுல, லேவியராகமம் 19:18தான். மத்தேயு 22ல நியாயசாஸ்திரி (யூத சட்டம் படிச்சவன்) ஒருத்தன் எது பெரிய கற்பனை, அதாவது கட்டளைன்னு கேக்கும்போது இயேசு அதையும், கடவுளை முழு மனசோட நேசிங்கிற உபாகமம் 6:5ஐயும்தான் எடுத்து சொல்றாரு, நியாயப்பிரமாணம் (பழைய ஏற்பாட்டுச் சட்டம்) முழுசும் இந்த ரெண்டுல அடங்கியிருக்குன்னுதான் சொன்னாரு, ரத்துன்னு சொல்லவே இல்ல. பலி, சாப்பாட்டு விதியெல்லாம் வேற கேள்வி, அத இதோட குழப்பாதீங்க.

லேவியராகமம் 19ஐ ஒருதடவை பொறுமையா படிங்க ப்ளீஸ். வயலோட ஓரத்த முழுசா அறுக்காத, ஏழைக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விடு, கூலிக்காரனோட கூலி விடியிற வரைக்கும் உன் கையில இருக்கக்கூடாது, குருடன் முன்னாடி தடுக்கல் வைக்காத. அன்னன்னைக்கு கூலிய வாங்கித்தான் அரிசி வாங்கணும்னு இருக்கிற வீட்டுல வளந்தவங்களுக்கு அந்தக் கூலி வசனம் எவ்ளோ பெரிய அன்புன்னு தெரியும், எனக்கு அத படிச்சா இன்னைக்கும் தொண்டை அடைக்கும்.

யோவான் 13:34ல "புதிதான கட்டளை"ன்னு இருக்கேன்னு கேப்பீங்க. அங்க புதுசு அன்போட அளவுதான், "நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல"ன்னு சொல்றாரு. அப்போஸ்தலன் பவுலும் ரோமருக்கு எழுதின கடிதம் 13ல விபசாரம், கொலை, களவு செய்யாதங்கிற கட்டளை எல்லாத்தையும் வரிசையா சொல்லிட்டுத்தான் அன்பு பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாதுன்னு முடிக்கிறாரு, எதையும் அடிச்சுப் போடல.