விடுப்பும் கேள்வியும்

நேற்றுப் பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் மாடி ஐயாவுக்கு நெஞ்சு நோ. ஆளை ஸ்ட்ரெச்சரில் கீழே கொண்டுவர வழியில்லை, லிப்ட் வாசலிலும் படியிலும் சனம், அதிலே இரண்டு பேர் போனை உயர்த்திப் பிடித்தபடி. "ஆராம்? என்னவாம்?" என்று கேட்டவர்கள் ஓரடிகூட விலகவில்லை. எனக்குச் சரியான கோபம்.

இப்படிச் சும்மா நின்று வேடிக்கை பார்த்து விசாரிப்பதற்குத்தான் எங்கள் ஊரில் விடுப்பு என்று பேர். சாதாரண விஷயம் என்று விட முடியாது, உயிரை எடுத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா (பௌர்ணமி) தினம். எனக்கு அப்போது 12 வயது. "கடல் உள்ளுக்குப் போட்டுதாம்" என்று யாரோ கத்த, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கத் தண்டவாளத்தைத் தாண்டிப் பார்க்க ஓடியது, நானும் ஓடினேன். ஒருநாளும் வெளியே தெரியாத கற்கள் பாசியோடு மினுங்கிக்கொண்டு கிடந்தன. மாமாதான் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சுனாமி ஒரே அலை இல்லை. அலையின் பள்ளம் கரைக்கு வரும்போதுதான் கடல் அப்படி வற்றும், அது முதல் அலைக்கு முன்னாலும் வரலாம், இரண்டு அலைக்கு நடுவிலும் வரலாம். அடுத்த அலை முதலாவதைவிடப் பெரிதாகவும் வரலாம். நாட்டின் தெற்கில் வற்றிய கடலைப் பார்க்கப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர்!

அதே காலை தாய்லாந்தின் புக்கெட்டில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமியும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஏன் இப்படி நுரைக்கிறது என்று யோசித்தவளுக்கு, இரண்டு கிழமைக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்திருக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற நூறு பேரளவில் தப்பினார்கள். அந்த ஒரு "ஏன்" எங்கள் ஒருவருக்கும் அன்றைக்கு வரவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வருவதற்கு நாங்கள் விட்டால்தானே! பிள்ளை நாலாவது தரம் ஏன் என்று கேட்டால் "அலட்டாமல் இரு, டியூஷனுக்கு நேரமாகுது" என்கிறோம். ஆனால் கலியாண வீட்டில் ஒரு அன்ரி வந்து "சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் பிள்ளை இல்லை" என்று நோண்டும்போது மட்டும் சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறோம், அது தவறு என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஐயாவுக்கு இப்போது கொஞ்சம் சுகமாம். நேற்று மகளும் பல்கனியில் நின்று பார்த்தவள்தான். இன்று காலை பாணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள், அம்புலன்ஸ்காரர் கொண்டுவந்த அந்தச் சின்ன ஒட்சிசன் சிலிண்டருக்குள் அவ்வளவு காற்றை எப்படி அடைக்கிறார்கள் என்று. சரி, பள்ளிக்கூட வான் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சைக்கிள் பம்பை எடுத்துவந்து, அதன் வாயை விரலால் பொத்திக்கொண்டு அமத்திப் பார் என்று கொடுத்தேன்.