டியாகோ கார்சியா எதற்கு உதாரணம்?

சர்வதேச உறவுகளில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் முதல் பக்கத்திலேயே "இந்தத் தியரிக்கு இந்த நாடு உதாரணம்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் அதற்குச் சாட்சி பிடிப்பதுதான் வேலை. அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் விமர்சன ஆய்வு என்று சொல்லிக்கொள்கிறவர்களும் இதற்கு விலக்கில்லை. என்னைக் கேட்டால், எதற்கு உதாரணம் என்பது கேஸ் ஸ்டடியின் கடைசியில் தெரியவேண்டிய விஷயம்.

டியாகோ கார்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் அது இந்தியப் பெருங்கடலில் ஓர் அமெரிக்கத் தளம். பனிப்போர், வல்லரசுப் போட்டி, முடிந்தது. 1965இல் டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளை மொரிஷியஸிலிருந்து பிரித்த பிரிட்டன், மறுவருஷமே தளத்துக்காக அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டது. 1973க்குள் தீவுக்காரர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றியாயிற்று. வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். தளத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இதெல்லாம் அடிக்குறிப்பு.

1966இல் லண்டன் அதிகாரிகள் எழுதிக்கொண்ட குறிப்புகளைப் படியுங்கள். கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி இருக்காது என்கிறார் ஒருவர். பறவைகளோடு சில டார்ஜான்களும் இருக்கிறார்களே என்று இன்னொருவர் நக்கலடிக்கிறார். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று காட்டிவிட்டால் ஐநாவுக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை அல்லவா! இந்தத் தாளை நடந்ததற்கான சான்றாக மட்டும் வாசிப்பது போதாது. குடிகளை இல்லாமல் ஆக்கும் வேலை இந்தத் தாளில்தான் தொடங்கியது.

நம் விமர்சன ஆட்கள் மேல் எனக்கொரு கோபம் உண்டு. இந்த அதிகாரிகளின் கோப்புகளையே சுற்றிச் சுற்றி வருவார்கள். வெளியேற்றப்பட்டு மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் வறுமையில் தள்ளப்பட்டவர்களின் பேச்சு அவர்கள் கட்டுரையில் இரண்டு வரி தேறாது. சாகோஸ்காரரான ஒலிவியே பான்கூல்ட், வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2000இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயித்தவர். அவரை 'பாதிக்கப்பட்டவர்' என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டு என்ன விமர்சனம் வேண்டிக்கிடக்கிறது?

ஒரு தீவை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். 2021இல் கனடாவுக்குக் கிளம்பிய ஈழத்தமிழர் படகு ஒன்று பழுதாகி டியாகோ கார்சியாவில் ஒதுங்கியது. அகதிகள் ஒப்பந்தம் அந்தத் தீவுக்குப் பொருந்தாது என்றது பிரிட்டன். வேலிக்குள் மூன்று வருஷம் போனது. அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று பிரிட்டன் வசமிருந்த அந்தத் தீவுப் பிரதேசத்தின் நீதிமன்றமே 2024 டிசம்பரில்தான் சொன்னது. இப்போது சொல்லுங்கள், இது தளத்துக்கு உதாரணமா, காலனியத்துக்கா, அகதிச் சட்டத்துக்கா?