டாக்ஸி கணக்கு வீட்டு வண்டிக்குப் பொருந்தாது
டொயோட்டா இன்னோவா டீசல் டாக்ஸியாக மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, அதனால் குடும்பத்துக்கும் அதுதான் நம்பகமானது என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2005இல் டொயோட்டாவின் பழைய குவாலிஸ் வண்டியின் இடத்துக்கு வந்ததிலிருந்து அது உழைக்கும் வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் டாக்ஸி தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறது, ஆயில் நேரத்துக்கு மாறுகிறது. வீட்டு வண்டிக்குப் பள்ளிக்கூடம், மார்க்கெட், அப்புறம் ஷெட். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்துபோக, வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். தெருவுக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும். எங்கள் டீசல் வண்டியில் (இன்னோவா அல்ல) மீட்டரில் அந்த வடிகட்டிக்கான விளக்கு எரிந்தது, பிக்கப் சுத்தமாக இல்லை. மெக்கானிக் பைபாஸில் கியரைக் குறைத்து, எஞ்சினை உறுமவிட்டு நெடுந்தூரம் ஓட்டிய பிறகுதான் விளக்கு அணைந்தது. மேலே கருத்து எழுதிய ஒருவர் மாருதி எர்டிகாவைத் தகரம் என்கிறார். கதவை மூடும்போது இன்னோவாவின் கனம் இல்லைதான், சரி. ஆனால் ஊருக்குள் குறைவாக ஓடும் குடும்பத்துக்கு அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் இந்தத் தொல்லையே கிடையாது. இன்னோவாதான் வேண்டுமென்றால் பெட்ரோலில் வரும் இன்னோவா ஹைகிராஸை ஓட்டிப் பாருங்கள், மூன்றாவது வரிசையில் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து.