மடையான் சுட வருகிற வெளியூர்க்காரர்கள்

போன மார்கழியில் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு மடையான் அடிபட்டுக் கிடந்தது. உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளை, நாம் தினமும் வயலில் பார்க்கிற அதே மடையான்தான். ஒரு இறக்கை முறிந்து தொங்க, காலை உந்தி உந்திக் கோரைக்குள் ஒளியப் பார்த்தது. கையில் எடுத்தேன். தோள்பட்டையில் மிளகு அளவுக்கு ஓட்டை. பொழுது சாய்வதற்குள் செத்துப்போச்சு.

"காலையில மதகுகிட்ட வெளியூரு காரு நின்னுச்சு தம்பி. நாலு பசங்க. நீட்டத் துப்பாக்கி வச்சிருந்தானுவோ"ன்னு ஆடு மேய்க்கிற அக்கா சொன்னாங்க.

அன்று ராத்திரி மிச்சிகனில் இருக்கும் அக்கா மகனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் அந்த ஊர் சிட்டிசன். வருஷா வருஷம் கனடாவுக்கு வாத்து வேட்டைக்குப் போகிறவன். (எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை, அவனுக்கும் தெரியும்.) ஆனால் அவன் சொன்ன நடைமுறை எனக்குப் பிடித்திருந்தது. எல்லையில் கஸ்டம்ஸ் அதிகாரியிடம் துப்பாக்கி இருக்கிறதென்று அவனேதான் வாய்திறந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியின் விவரமும் எழுதிய படிவம் மூன்று பிரதி. முன்கூட்டியே கையெழுத்துப் போடக் கூடாது, அதிகாரி கண்ணெதிரே போட வேண்டும். கட்டணம் 25 கனடா டாலர். அது 60 நாளைக்குத் தற்காலிக லைசென்ஸ் மாதிரி. வேட்டைக்கென்று கைத்துப்பாக்கி கொண்டுபோகவே முடியாது. ஏர்கன்னாக (காற்றழுத்தத்தில் சுடுகிற துப்பாக்கி) இருந்தாலும், குண்டின் வேகம் நொடிக்கு 152 மீட்டரையும் ஆற்றல் 5.7 ஜூலையும் தாண்டினால் அதையும் துப்பாக்கிக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

நம் ஊரில்? 20 ஜூல் வரைக்கும், 0.177 அங்குலக் குழல் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம். ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்கிறேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற லைசென்ஸ் துப்பாக்கிக்காரர் எல்லாரும் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும். சித்தப்பாவிடம் தாத்தா காலத்து ரெட்டைக்குழல் இருக்கிறது. சுட்டு முப்பது வருஷம் ஆகிறது. அதற்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். அவர் முணுமுணுக்காமல் செய்கிறார், செய்யத்தான் வேண்டும். ஆனால் லைசென்ஸே இல்லாத ஏர்கன்னை டிக்கியில் போட்டுக்கொண்டு உதயமார்த்தாண்டபுரம், வடுவூர், கோடியக்கரைச் சரணாலயங்கள் பக்கம் வருகிறவனை இந்தப் பதிவு தொடுவதே இல்லை. அவன் இங்கே குடியிருப்பவனும் இல்லை. நம்மூர் உள்ளான், நாமக்கோழி எல்லாம் சாவது அவன் கையால்தான். நத்தையைத் தின்று நம் நாற்றைக் காப்பாற்றுகிற நத்தைகுத்தி நாரையைக்கூட விடுவதில்லை.

காரைக்கால் எல்லையில் வாஞ்சூரில் பாட்டிலுக்காக வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். சீசன் மாதங்களில் சரணாலயத்துக்குப் போகிற ரோட்டிலும் நிறுத்தி "ஏர்கன் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாமே! இருந்தால் எழுதி வாங்கி, திரும்பும்போது கொடுக்கட்டும். வண்டியைச் சோதிக்க எஸ்.ஐ.க்கும் வனத்துறைக்கும் அந்த 1972 சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-லிருந்து ஜனங்களே ஏர்கன்னைக் கொண்டுவந்து அரசிடம் ஒப்படைக்கிறார்கள். அங்கே பரம்பரையாக வேட்டையாடிய ஜனங்கள் அவர்கள். பொழுதுபோக்குக்குச் சுடுகிறவனால் முடியாதா?

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் மனு கொடுக்கிறேன். பத்து மணிக்கு வாசலில் இருப்பேன். மதகுப் பக்கம் நிலம் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட வாங்க. அந்த அக்காவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.