வால் தொங்கினால் பயம் மட்டும்தானா?

நாய் வாலைத் தொங்கவிட்டால் பயந்திருக்கிறது என்று நாய்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எப்போதும் அப்படி இல்லை. எங்கள் லாப்ரடார் ஒரு நாள் குளிர்ந்த தண்ணீரில் வெகுநேரம் நீந்திவிட்டு வந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் வாலின் அடிப்பகுதி மூன்று விரல் அளவுக்கு நேராக நீண்டு, அதற்குப் பிறகு ஈரத் துணி போலத் தொங்கியது. கூப்பிட்டால் முகமெல்லாம் சந்தோஷம், உடம்பும் நெளிகிறது, வால் மட்டும் அசையவே இல்லை. உட்காரவும் தயங்கியது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

வாலின் அடித்தசைகள் அதிக உழைப்பால் பாதிக்கப்பட்டிருப்பதாக மருத்துவர் சொன்னார். லாப்ரடார் போன்ற வேட்டை இன நாய்களுக்கு இது அதிகம் வரும். பழக்கமில்லாத ஓட்டம், கூண்டில் நெடுநேரம் அடைந்து கிடப்பது இவையும் காரணமாகலாம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் 2 வாரத்தில் சரியாகிவிடும். எங்களுடையது 5ஆம் நாள் ஆட்டியது.

ஆனால் இதுதான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. கதவிடுக்கில் மாட்டி எலும்பு முறிந்தாலும், ஆசனவாய்ச் சுரப்பியில் சீழ் வைத்தாலும், முதுகெலும்பில் கோளாறு என்றாலும் வால் தொங்கும். பின்னங்கால் தள்ளாடினாலோ, தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ போனாலோ அன்றைக்கே காட்டிவிடுங்கள். அப்புறம், வலிக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை நஞ்சாகிவிடும்.